பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒரே விண்வெளிக் கொள்கை போட முடியுமா? முதல்ல மேப்ப ஒட்டிப் பாருங்க

கேள்வி இதுதான்: "இந்தியா, நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, யாருமே பணக்கார நாடு கிடையாது, ஐரோப்பாக்காரங்க மாதிரி சேர்ந்து ஒரே விண்வெளிக் கொள்கை போட்டா செலவு மிச்சம்தானே, ஏன் பண்ணல? இந்தியாவே எல்லாருக்கும் ஒரு சாட்டிலைட் விட்டுக் குடுத்தாச்சு, அப்புறம் கொள்கைனு ஒண்ணு எதுக்கு?" செமினாருக்குத் தயார் பண்றதா எழுதியிருக்கீங்க. மேலோட்டமா பார்த்தா இது செலவு பத்தின கேள்வி மாதிரி இருக்கு, ஆனா கடைசி வரியிலதான் விஷயமே இருக்கு. ஒருத்தர் விட்டு இன்னொருத்தருக்குக் குடுத்த சாட்டிலைட்டும், ஆறு பேர் சேர்ந்து வெச்சிருக்கற சாட்டிலைட்டும் ஒண்ணா? நான் இல்லன்னு சொல்றேன், ஏன்னு கீழ எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல என்னப் பத்தி ஒரு வரி. நான் ராக்கெட் ஆள் இல்ல, வக்கீலும் இல்ல. இருபது வருஷமா ரிமோட் சென்சிங், அதாவது சாட்டிலைட் படத்த வெச்சு வெள்ளம், வறட்சி, பயிர் மேப் போடற வேலை. அதனால படம், டேட்டா, மேப் பத்தி சொல்றத நம்பலாம். சட்டம் பத்தி சொல்றது வேலைக்காகப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட அளவு. அரசியல் பத்தி சொல்றது என் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

நீங்க சொன்ன சாட்டிலைட்ட எடுத்துக்குவோம். 2014 ஜூன் 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டால பிரதமர் மோடி, சார்க் (தெற்காசிய நாடுகள் எட்டும் சேர்ந்த கூட்டமைப்பு) நாடுகளுக்காக ஒரு சாட்டிலைட் பண்ணுங்கன்னு இஸ்ரோகிட்ட கேட்டார். 2017 மே 5ஆம் தேதி ஜிஎஸ்எல்வி எஃப்09 ராக்கெட்ல அது போச்சு, பேரு ஜிசாட்-9, 2230 கிலோ எடை, கேயூ பேண்ட்ங்கற அலைவரிசைல 12 டிரான்ஸ்பாண்டர் (சிக்னல வாங்கித் திருப்பி அனுப்பற கருவி), சாட்டிலைட்டுக்கு மட்டும் 235 கோடி ரூபா. நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆறும் சேர்ந்தாங்க, ஆறு தலைவர்களும் வீடியோ கான்ஃபரன்ஸ்ல வந்து பேசினாங்க. நல்ல காரியம்தான், அத நான் குறைச்சுப் பேசல. மலைக்கு நடுவுல இருக்கற பூடான்ல கேபிள் இழுக்கற கஷ்டத்துக்கு ஒரு டிரான்ஸ்பாண்டர் எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க போனவங்களுக்குத் தெரியும், 2019 ஆகஸ்ட்ல திம்புல அதுக்கான தரை நிலையத்தையும் இந்தியாவே கட்டிக் குடுத்துச்சு. ஆனா சாட்டிலைட் நிக்கற 48 டிகிரி கிழக்குங்கற இடம் இந்தியா கணக்குல இருக்கறது, கட்டினது இஸ்ரோ, பணம் இந்திய பட்ஜெட், இஸ்ரோவோட இந்த மாதிரி வானத்துல ஒரே இடத்துல நிக்கற சாட்டிலைட்டுகள ஓட்டற மாஸ்டர் கண்ட்ரோல் இருக்கறது கர்நாடகாவுல ஹாசன். நாளைக்கு ஒரு டிரான்ஸ்பாண்டர் பழுதாச்சுன்னா யாருக்கு முதல்ல வெட்டு, யார் முடிவு பண்றது? அத ஆறு பேரும் உக்காந்து பேசற மேசைன்னு ஒண்ணு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அவர் மோட்டார்லேர்ந்து நம்ம தொட்டிக்கும் ஒரு பைப் போட்டுக் குடுக்கற மாதிரி, தண்ணி வருது, சந்தோஷம், ஆனா சுவிட்ச் அவர் வீட்டு சுவத்துல இருக்கு.

பாகிஸ்தான் இந்தத் திட்டத்துலேர்ந்து வெளிய போன கதை பத்தி ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா சொல்வாங்க. அவங்க சொன்ன காரணம், இத எல்லாரும் சேர்ந்து செய்யற திட்டமா வைக்க இந்தியா தயாரா இல்ல, அதனால சார்க் பேர்ல இத ஒத்துக்க முடியாதுங்கறது. அது உண்மையான காரணமா, சாக்கானு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வாதத்துல ஒரு புள்ளி இருக்கு. அதுக்கப்புறம்தான் பேரு சார்க் சாட்டிலைட்டுலேர்ந்து தெற்காசிய சாட்டிலைட்டா மாறுச்சு. சார்க்ல எந்த முடிவும் எட்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான், ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கற தகராறப் பேசவே கூடாதுனு சாசனத்துலயே இருக்கு, உச்சி மாநாடு கடைசியா நடந்தது 2014 நவம்பர்ல காத்மாண்டுல, 2016ல இஸ்லாமாபாத்ல நடக்க வேண்டியது நின்னு போச்சு. ஆக அந்த மேசைய நம்பி விண்வெளிக் கொள்கை எழுத முடியாது. இதுல வேடிக்கை என்னன்னா வங்கதேசமும் பாகிஸ்தானும் ஏற்கெனவே ஒரே விண்வெளி அமைப்புல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்காங்க, 2008லேர்ந்து பெய்ஜிங்ல இயங்கற ஆசிய பசிபிக் விண்வெளி ஒத்துழைப்பு அமைப்பு, அப்ஸ்கோம்பாங்க. அங்க பெரியண்ணன் சீனா, இங்க பெரியண்ணன் இந்தியா.

சரி, ஐரோப்பா எப்படிப் பண்ணுச்சு? இந்த இடத்துல நிறைய பேர் தப்பா நினைக்கறாங்க, அவங்க பணக்காரங்க, ஒத்துமையானவங்க, அதனால முதல் தடவையே நடந்துருச்சுனு. அப்படி இல்ல. 1960கள்ல எல்டோன்னு ஒரு அமைப்பு வெச்சு, முதல் அடுக்கு பிரிட்டன், ரெண்டாவது அடுக்கு பிரான்ஸ், மூணாவது அடுக்கு ஜெர்மனினு ஆளுக்கு ஒரு துண்டா ராக்கெட் செஞ்சாங்க, பேரே யூரோப்பா. ஒரு சாட்டிலைட்டக்கூட அது சுற்றுப்பாதைல வைக்கல, 1971ல கடைசி முயற்சியும் தோத்துச்சு. அப்புறம் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து செஞ்ச சிம்ஃபொனி சாட்டிலைட்ட அமெரிக்க ராக்கெட்ல விடப் போனா, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுனு அமெரிக்கா நிபந்தனை போட்டுச்சு. அந்த அவமானத்துக்கு அப்புறம்தான் 1975ல ஈசாங்கற ஐரோப்பிய விண்வெளி அமைப்பு, 1979 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவங்களோட முதல் ஏரியான் ராக்கெட். அதாவது அவங்களும் தோத்து, குட்டு வாங்கி, அப்புறம்தான் உருப்படியா விதி எழுதினாங்க.

அந்த விதியில ரெண்டு விஷயம் முக்கியம். அறிவியல் திட்டத்துக்கு எல்லாரும் அவங்கவங்க பொருளாதார அளவுக்கு ஏத்த மாதிரி கட்டாயம் பணம் கட்டணும், மத்த திட்டங்கள்ல விருப்பம் இருந்தா சேரலாம். ரெண்டாவது, எவ்வளவு போடறியோ அந்த விகிதத்துல உன் நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை திரும்பி வரும். இந்த ரெண்டாவதுதான் அந்த அமைப்ப ஒட்டி வெச்சிருக்கற பசை. நம்ம பக்கம் இத அப்படியே காப்பி அடிக்க முடியாது. மாலத்தீவு பத்து ரூபா போட்டா பத்து ரூபாய்க்கு எந்த ஃபேக்டரிக்கு வேலை குடுப்பீங்க? அங்க அந்த மாதிரி தொழிலே இல்ல. ராக்கெட்டப் பகிர்ந்துக்கற பேச்சுக்கே இடம் இல்ல, ஏன்னா ராக்கெட்டும் ஏவுகணையும் அடியில ஒரே சாமான், 2016லேர்ந்து இந்தியாவே ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்புல உறுப்பினர். அதனால ராக்கெட்ட இந்த மேசைலேர்ந்து எடுத்துருங்க. ராக்கெட்ட வாடகைக்கு எடுத்துக்கலாம், ஆட்டோ மாதிரி. போட்ட பணத்துக்கு வேலையா திரும்பக் குடுக்க முடியாதுன்னா ஆளா, படிப்பா, டேட்டாவா, தரை நிலையமா திரும்பக் குடுக்கலாம்ங்கறது என் யோசனை.

இப்ப வேற ஒரு சொத்தப் பாருங்க, பெரும்பாலானவங்க கண்ணுல படாதது, வானத்துல இடம். பூமத்திய ரேகைக்கு மேல சுமார் 36,000 கிலோமீட்டர்ல இருக்கற அந்த ஒரே வளையத்துலதான் டிவி, தகவல் தொடர்பு சாட்டிலைட்டெல்லாம் நிக்கும், அதுல எந்த டிகிரில எந்த ஃப்ரீக்வென்சினு பதிவு பண்றது ஜெனீவால இருக்கற ஐடியூ, ஐநாவோட தகவல் தொடர்பு அமைப்பு. முதல்ல யார் ஃபைல் பண்றாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை, ஏழு வருஷத்துல சாட்டிலைட் கொண்டு வந்து நிறுத்தலன்னா உரிமை போச்சு. இதுபோக ஒவ்வொரு நாட்டுக்கும்னு ஒதுக்கி வெச்ச பங்கும் உண்டு. நேபாளத்துக்கு 50 டிகிரி கிழக்குலயும் 123.3லயும் இடம் இருக்கு, நிறுத்த சொந்த சாட்டிலைட் இல்ல. வங்கதேசத்துக்கு சாட்டிலைட் வாங்கப் பணம் இருந்துச்சு, இடம் கிடைக்கல, 102 டிகிரி கேட்டாங்க, வேற நாடுகள் ஆட்சேபிச்சாங்க, கடைசியில மாஸ்கோல இருக்கற இன்டர்ஸ்புட்னிக்ங்கற சாட்டிலைட் அமைப்புகிட்ட 119.1 டிகிரிய 15 வருஷத்துக்கு சுமார் 2.8 கோடி டாலருக்கு வாடகைக்கு எடுத்து 2018 மே மாசம் பங்கபந்து-1ன நிறுத்தினாங்க. டாக்கா இருக்கறது 90 டிகிரி பக்கத்துல, சாட்டிலைட் நிக்கறது பாதி இந்தோனேசியாவுக்கு மேல, அதனால டாக்காவுல டிஷ்ஷ நல்லா கிழக்குப் பக்கம் சாய்ச்சு வைக்கணும். பணம் உள்ளவருக்கு இடம் இல்ல, இடம் உள்ளவருக்கு பணம் இல்ல, ராக்கெட் உள்ளவர் நடுவுல உக்காந்திருக்கார், அவரோட எல்லை மத்த ரெண்டு பேரோடயும் வேற ஒட்டிக்கிட்டிருக்கு. கொள்கைனு ஒண்ணு இல்லாததுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

இதையே தென் அமெரிக்காவுல வேற மாதிரி பண்ணாங்க. பொலிவியா, கொலம்பியா, எக்வடார், பெரு நாலும் சேர்ந்த ஆண்டிஸ் சமூகத்துக்கு பொதுவா 67 டிகிரி மேற்குல ஒரு இடம், பேரு சிமோன் பொலிவார். சொந்தமா சாட்டிலைட் விட அவங்களால முடியல, வருஷக்கணக்கா இழுத்துச்சு, இடம் கை நழுவிப் போயிருக்கும். அப்ப என்ன பண்ணாங்கன்னா அந்த இடத்த லக்சம்பர்க் கம்பெனி எஸ்இஎஸ்கிட்ட குடுத்து, நீ சாட்டிலைட் நிறுத்து, வியாபாரம் பண்ணு, நாலு அரசாங்கத்துக்கும் கொஞ்சம் திறன் குடுத்துருனு ஒப்பந்தம் போட்டாங்க. அந்த எஸ்இஎஸ்-10 போனது 2017 மார்ச் 30, ஒரு தடவை பயன்படுத்தின ஃபால்கன் 9 திரும்பப் பறந்த முதல் பயணம் அது, உலகமே ராக்கெட்டப் பத்திப் பேசுச்சு, உள்ள இருந்த சாட்டிலைட்டோட கதைய யாரும் கவனிக்கல. அதுக்கு அஞ்சு வாரம் கழிச்சு நம்ம ஜிசாட்-9. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அங்க சாட்டிலைட் அவங்களுது இல்ல, ஆனா இடம் நாலு பேருக்கும் பொது, ஒப்பந்தத்துல நாலு பேருக்கும் வாய் இருக்கு. இங்க சாட்டிலைட் ஓசி, வாய் இல்ல. எது மேல்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், செலவக் கணக்குப் பார்த்தா நம்ம பக்கத்து நாடுகளுக்கு ஓசிதான் லாபம். ஆனா கொள்கைனு கேட்டீங்கன்னா அதுதான் கொள்கை, இது அன்பளிப்பு.

சட்டம் பக்கம் சுருக்கமா. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி தனியார் கம்பெனி விட்டாலும் பொறுப்பு அந்த நாட்டு அரசாங்கத்துக்குத்தான். 1972 இழப்பீட்டு ஒப்பந்தப்படி ரெண்டு மூணு நாடு சேர்ந்து விட்டா, அடிபட்டவன் அதுல யார்கிட்ட வேணா முழுத் தொகையையும் கேக்கலாம், உங்களுக்குள்ள பங்கு பிரிச்சுக்கறது உங்க பாடு. இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல, 1978ல சோவியத்தோட காஸ்மாஸ் 954, அணு உலையோட கனடாவுல விழுந்து, கடைசியா 30 லட்சம் கனடா டாலர் குடுத்தாங்க. நம்ம பகுதி நாடுகள் எல்லாமே இந்த ஒப்பந்தங்கள்ல சேரவும் இல்ல. ஆக சேர்ந்து சாட்டிலைட் விடறதுக்கு முன்னாடி யார் பேர்ல பதிவு, விழுந்தா யார் எவ்வளவுனு ஒரு நாலு பக்கம் எழுதி வெச்சுக்கணும், காசே இல்லாம பண்ணக்கூடிய வேலை இது.

இப்ப என் ஏரியாவுக்கு வரேன். டேராடூன்ல ஐநா ஆதரவுல 1995லேர்ந்து ஆசிய பசிபிக் நாடுகளுக்கான விண்வெளிப் படிப்பு மையம் இருக்கு. அங்க ஒரு பயிற்சியில என் பக்கத்து சீட் வங்கதேசத்துக்காரர், நீர்வளத்துறை இன்ஜினியர், என்னவிட வயசுல மூத்தவர், தாதானு (வங்காளத்துல அண்ணன்) கூப்பிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் லேப்ல ரெண்டு பேரும் விளையாட்டா எல்லைய ஒட்டின ஒரே ஆத்தோட மேப்ப, நான் எங்க பக்கத்து மேப்புலேர்ந்தும் அவர் அவங்க பக்கத்து மேப்புலேர்ந்தும் எடுத்து ஒரே ஸ்க்ரீன்ல போட்டோம். ஆறு எல்லைல வந்து வெட்டுப்பட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பிக்குது, நம்ம பக்கத்துக் கரை அவங்க பக்கத்துல நடு ஆத்துல நிக்குது. தாதா மூக்குக் கண்ணாடிய மேல தூக்கிட்டுப் பார்த்து, "இது படகுல போறவனுக்குத் தெரியுமா?"ன்னார். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், அப்புறம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அத சரி பண்ண உக்காந்தோம், ஒட்டல. காரணம் சிம்பிள். பழைய மேப்புகள் ரெண்டு நாட்டுலயும் எவரெஸ்ட்ங்கற, பூமியோட வடிவத்துக்கான பிரிட்டிஷ் காலத்துக் கணக்குல போட்டது, ஆனா அந்த எவரெஸ்ட்லயே பல திருத்தம், ஆளுக்கு ஒண்ணு. ஜிபிஎஸ் பேசறது டபிள்யூஜிஎஸ்84ங்கற வேற ஒரு கணக்கு. உயரம் இன்னும் மோசம், கடல் மட்டம்னு அவங்க பூஜ்யம் வைக்கற இடம் வேற, நாம வைக்கற இடம் வேற, ஒரே வெள்ளம் எல்லையத் தாண்டினதும் மேப்ல உயரம் மாறிடும்.

இத ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, பொது விண்வெளிக் கொள்கைன்னதும் எல்லாரும் சாட்டிலைட்டப் பார்க்கறாங்க, ஆனா இன்னிக்கு பஞ்சம் படத்துக்கு இல்ல. 2008லேர்ந்து அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட் படம் இலவசம், ஐரோப்பாவோட சென்டினல் படம் 2014லேர்ந்து இலவசம், மேகம் மூடியிருந்தாலும் ரேடார்ல தண்ணி கறுப்பா தெரியும், நேபாளத்துல ஒரு பையன் லேப்டாப்ல அத இறக்கிக்கலாம். பேரிடர்னா சர்வதேச சாசனம் ஒண்ணு இருக்கு, கேட்டா பல நாட்டு சாட்டிலைட்டுகளும் படம் குடுக்கும், 2015 ஏப்ரல் நேபாள பூகம்பத்துக்கு குடுத்தாங்க. பஞ்சம் எதுக்குன்னா தரையில எடுக்கற அளவீடுகளுக்கு. ஆத்தோட மேல் பகுதியில எவ்வளவு மழை, ஆத்துல இப்ப எவ்வளவு ஓடுது, கரை எந்த உயரம். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆத்தோட நீர் அளவுகள இந்தியாவுக்குள்ளயே எல்லாருக்கும் தர மாட்டாங்க. 2008 ஆகஸ்ட் 18 நேபாளத்துல குஸாஹாங்கற இடத்துல கோசி ஆத்தோட கரை உடைஞ்சுச்சு, அந்தக் கரை இருக்கறது நேபாளத்துல, 1954 ஒப்பந்தப்படி அத பராமரிக்க வேண்டியது இந்தியா, முங்கினது பீகார், 30 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு, ஆத்தோட போக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல கிழக்க நகர்ந்து போச்சு. நகர்ந்த ஆத்த சாட்டிலைட் படம் அழகா காட்டுச்சு. காட்டி என்ன பிரயோஜனம், கரை பலவீனமாகுதுங்கற தகவல் ரெண்டு நாட்டு ஆஃபீஸ் நடுவுல உருப்படியா நகரணும்ல.

அதனால என் கையில பேனா குடுத்தா கொள்கைய மூணு பக்கத்துல முடிப்பேன். வெள்ளமோ புயலோ நிலச்சரிவோ எச்சரிக்கை வந்த உடனே, யார்கிட்டயும் ஃபைல் போகாம, ஆத்துக்கு மேல் பக்கம் இருக்கற நாட்டோட மழை அளவு, ஆத்து நீர் அளவு, படம் எல்லாம் கீழ் பக்கம் இருக்கற நாட்டுக்குத் தானா போகணும், இத்தனை மணி நேரத்துக்குள்ளனு எழுதணும். எல்லைக்கு ரெண்டு பக்கமும் மேப் ஒரே கணக்குல ஒட்டணும். ஐடியூவுக்கு ஃபைல் பண்ணும்போது ஒருத்தர ஒருத்தர் ஆட்சேபிக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள பேசிக்கணும், சும்மா இருக்கற இடத்த பொதுவுல போட வழி வேணும். ஏஜென்சி, தலைமையகம், கொடி எல்லாம் அப்புறம். ஆப்பிரிக்க யூனியன் 2016ல கொள்கை, 2018ல ஏஜென்சிக்கு சட்டம், 2019ல எகிப்துக்கு தலைமையகம், 2025 ஏப்ரல்ல திறப்பு விழானு போனாங்க, ஒன்பது வருஷம் கட்டடத்துக்கே போச்சு. அவங்கள கிண்டல் பண்ணல, 55 நாட்ட ஒரே மேசைல உக்கார வெச்சது சாதனைதான், ஆனா வெள்ளம் அதுவரைக்கும் காத்திருக்காது.

இதுல எது உறுதி, எது என் ஆசைனு பிரிச்சு சொல்லிடறேன். தேதி, இடம், ஒப்பந்தம், மேப் ஒட்டாதது எல்லாம் உறுதி. டேட்டாவ டெல்லி அவ்வளவு சீக்கிரம் விடுமாங்கறது சந்தேகம், 2021ல மேப் விதிகள தளர்த்தினாங்க, 2023ல புது விண்வெளிக் கொள்கை வந்துச்சு, ரெண்டும் நல்ல திசைதான், ஆனா ரெண்டும் உள்நாட்டுக் கம்பெனிகள மனசுல வெச்சு எழுதினது. சின்ன நாடுகள் பொதுவுல சேர விரும்புமாங்கறதும் சந்தேகம், இந்தியா, சீனா ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா வாங்கிக்கறது அவங்களுக்கு இப்ப வசதியா இருக்கு, அத தப்புனு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா ஆளுங்க சேர மாட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. 2019 ஏப்ரல்ல நேபாளத்தோட முதல் சாட்டிலைட் நேபாளிசாட்-1ம் இலங்கையோட ராவணா-1ம் ஒரே ராக்கெட்ல போச்சு, ரெண்டும் பத்து சென்டிமீட்டர் டப்பா, ரெண்டு நாட்டுப் பசங்களும் ஒரே லேப்ல சேர்ந்து செஞ்சது. அந்த லேப் இருந்தது ஜப்பான்ல, கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்துல. பெங்களூர்லயோ இலங்கையில இருக்கற மொறட்டுவயிலயோ இருந்திருக்கலாம்.

செமினார்ல யாராவது இந்தியாதான் குடுக்குதே அப்புறம் என்னன்னு கேட்டா ஜிசாட்-9 ஆயுள் எவ்வளவுனு திருப்பிக் கேளுங்க. 12 வருஷம்னு போட்டிருக்காங்க, அப்படிப் பார்த்தா 2029 வாக்குல மாத்து சாட்டிலைட் வேணும், அதுக்கு இப்பவே வேலை ஆரம்பிச்சாத்தான் உண்டு. அதுல எத்தனை டிரான்ஸ்பாண்டர், எந்த நாட்டுக்கு எவ்வளவு, எந்த இடத்துல, யார் பேர்ல ஃபைல், இத எழுதற ரூம்ல திம்புலேர்ந்தும் மாலேலேர்ந்தும் ஆளுக்கு ஒரு இன்ஜினியர உக்கார வைப்பாங்களா இல்ல மறுபடியும் வீடியோ கான்ஃபரன்ஸ்ல நன்றி சொல்லக் கூப்பிடுவாங்களானு கேளுங்க.